ஒன்றரை ஷிப்டுக்கு நடுவே படிப்பது எப்படி? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பூர் ஏற்றுமதி பனியன் கம்பெனிகளில் மெர்ச்சண்டைசராக (ஆர்டர் வாங்குவதிலிருந்து சரக்கு அனுப்புவதுவரை கவனிக்கும் வேலை) இருபது வருஷத்துக்கு மேல் ஓட்டியாயிற்று. இப்போது என் டீமில் ஒன்பது பேர். புதிதாகச் சேரும் பிள்ளைகளிடம் "தொழில் சம்பந்தமா எதையாவது படிங்க" என்று சொல்லாத வாரம் கிடையாது. சொன்ன மாத்திரத்தில் என்ன கேள்வி வரும் என்பதும் எனக்கு மனப்பாடம். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தொண்டைத் தண்ணீர் வற்றப் பேசுவதற்குப் பதில் எழுதியே வைத்துவிட்டேன். பெரிய கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் யூனிட் நடத்தும் இரண்டு தம்பிகள் கேட்டதும், அக்கவுண்ட்ஸில் இருக்கும் பெண்கள் கேட்டதும் இதில் சேர்ந்திருக்கின்றன.

அக்கா, காலை எட்டரைக்கு உள்ளே வந்தால் இரவு எட்டரைக்குத்தான் வெளியே போகிறோம். இதில் படிக்க நேரம் எங்கே இருக்கிறது?

ஒரு மணி நேரமெல்லாம் கிடைக்காது. அதைத் தேடுவதை முதலில் விட்டுவிடுங்கள். இருபது நிமிடம் இருக்கிறது. அது எங்கே ஒளிந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

நம் வேலையில் பாதி காத்திருப்பதுதான். லேப் டிப் (சாய நிற மாதிரித் துண்டு) அப்ரூவல் வரும்வரை காத்திருக்கிறோம். சாயப்பட்டறை வாசலில் துணி லாட்டுக்காக நிற்கிறோம். ஜெர்மனியில் பையர் (நம்மிடம் சரக்கு வாங்கும் கம்பெனி) அலுவலகம் காலை ஒன்பது மணிக்குத் திறந்தால் நமக்கு மதியம் பன்னிரண்டரை, குளிர்காலத்தில் ஒன்றரை. அதுவரை அந்தப் பக்கத்திலிருந்து அவசர மெயில் எதுவும் வராது என்று தெரிந்தும், காலையில் வந்தவுடன் மெயிலைத்தான் திறக்கிறோம். நான் இதைக் கவனித்தது பத்து வருஷம் கழித்துத்தான். அதன்பிறகு 8.10-க்கு சாம்பிள் ரூமில் உட்கார்ந்து 8.30 வரை படிக்க ஆரம்பித்தேன். போன் டிராயருக்குள். அந்த நேரத்தில் சாம்பிள் டெய்லர்கூட வந்திருக்க மாட்டார்.

இருபது நிமிடத்தில் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு ஒரு காஸ்டிங் ஷீட் போட்டே காட்டியிருக்கிறேன். ஒரு புத்தகம் 250 பக்கம், பக்கத்துக்கு 300 சொல் என்றால் மொத்தம் 75,000 சொல். ஆங்கிலத்தை நிதானமாகப் படிப்பவர் நிமிடத்துக்கு 150 சொல் படித்தாலும் 500 நிமிடம். நாளுக்கு இருபது நிமிடம் வைத்தால் 25 நாள். ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்தால் நமக்கு மாதத்தில் வேலை நாள் அவ்வளவுதான். அதாவது மாதம் ஒரு புத்தகம்.

விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து படிக்கச் சொல்கிறார்களே?

வேண்டாம். தூக்கத்தை வெட்டிப் படித்தது மறுநாள் மெஷர்மெண்ட் சார்ட்டில் தெரியும்.

எதிலிருந்து தொடங்குவது? நல்ல பிசினஸ் புத்தகம் ஒன்று சொல்லுங்களேன்.

புத்தகம் இருக்கட்டும். உங்கள் மேஜையில் ஏற்கெனவே கிடப்பதை முதலில் படியுங்கள். பர்ச்சேஸ் ஆர்டரின் பின்பக்கம், பையரின் பேக்கிங் மேனுவல், டெஸ்டிங் மேனுவல். இதெல்லாம் படிப்பா என்று முகம் சுளிக்கிறீர்கள். நானும் சுளித்தவள்தான்.

ஒரு பையரிடமிருந்து முதல் ஆர்டர் வந்திருந்தது. ஸ்வெட்ஷர்ட், 24,800 பீஸ். கூடவே 64 பக்கத்தில் ஒரு பேக்கிங் மேனுவல். லேபிள் எங்கே தைப்பது, ஹேங்டேக் எப்படித் தொங்கவிடுவது என்ற பக்கங்களை மட்டும் பார்த்துவிட்டு மூடிவைத்தேன். மற்ற பையருக்குக் கட்டுவதுபோலவே பெட்டிக்கு 40 பீஸ் அடைத்து 620 பெட்டி கட்டி முடித்தோம். ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தவர் முதல் பெட்டியைத் தூக்கித் தராசில் வைத்தார். பதினெட்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. எதுவும் பேசாமல் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். பெட்டி 15 கிலோவைத் தாண்டக்கூடாது என்று மேனுவலின் 41-ஆம் பக்கத்தில் கட்டம் கட்டிப் போட்டிருந்தார்கள்.

பெட்டிக்கு 30 பீஸ் என்று மாற்றினால் உள்ளே சரக்கு தளர்ந்து ஆடும். ஆகவே பெட்டி அளவும் மாற வேண்டும். புதுப் பெட்டி அடித்து வாங்கி, 620 பெட்டியையும் பிரித்து, ஸ்டிக்கர் ஒட்டி, பேக்கிங் லிஸ்ட் புதிதாகப் போட்டு முடிப்பதற்குள் கப்பல் போய்விட்டது. பாதிச் சரக்கு விமானத்தில் போனது, எங்கள் செலவில். டேப்பைக் கிழிக்கும் 'சர்ர்' சத்தம் விடியவிடியக் கேட்டுக்கொண்டிருந்தது. இப்போதும் யாராவது பார்சல் பிரித்தால் எனக்கு அந்த ராத்திரிதான் ஞாபகம் வரும். 64 பக்கத்தைப் படிக்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? மூன்று காலைகள்.

அது வேலை சம்பந்தப்பட்டது. தொழிலில் மேலே வர வேறு படிப்பு வேண்டாமா?

வேண்டும். உங்கள் மேஜைக்கு இன்னும் வந்து சேராததைப் படிக்க வேண்டும்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் 'கோட்டா' என்று ஒன்று இருந்தது. அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் எந்த நாடு எவ்வளவு துணி அனுப்பலாம் என்ற அளவு. கோட்டா கையில் இல்லாதவர் அதை விலைக்கு வாங்கிச் சரக்கு அனுப்பிய காலம் அது. 2005 ஜனவரி 1 அன்று கோட்டா ஒழிந்தது. ஊரே அதைத் திடீர் மழைபோலப் பேசியது. ஆனால் அந்தத் தேதி 1995-இல் உலக வர்த்தக அமைப்பு தொடங்கியபோதே ஜவுளி ஒப்பந்தத்தில் அச்சாகியிருந்தது. பத்து வருஷம், நான்கு படியாகச் சரக்கைக் கோட்டாவிலிருந்து விடுவிப்பது: முதலில் 16 சதவீதம், 1998-இல் 17, 2002-இல் 18, மீதி 49 சதவீதம் கடைசி நாளில் ஒரேயடியாக. அந்த 49-ஐப் பார்த்தவருக்கு விஷயம் புரிந்திருக்கும்: முதல் ஒன்பது வருஷத்தில் பெரிதாக ஒன்றும் மாறாது, கடைசி நாளில்தான் மொத்தமும் மாறும். அதைப் படித்தவர்கள் முன்கூட்டியே மெஷின் போட்டார்கள். படிக்காதவர்கள் கோட்டா விலை ஏறுமா இறங்குமா என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

பதவி உயர்வுக்கான படிப்பு என்று நான் நினைப்பது இதைத்தான். அடுத்த மூன்று வருஷத்தில் நம் வாசலுக்கு வரப்போவது ஏதோ ஒரு தாளில் இப்போதே அச்சாகிக் கிடக்கிறது. எட்டரைக்குள் அதைப் பார்த்துவிட்டவரிடம்தான் முதலாளி அபிப்பிராயம் கேட்பார்.

தன்னம்பிக்கைப் புத்தகங்கள் படிக்கிறேன். அவை கணக்கில் வராதா?

ஒன்று படித்தால் போதும். இரண்டாவதும் அதேதான், அட்டை நிறம்தான் வேறு. சோர்ந்துபோன நாளில் படிக்க ஒன்று கையில் இருக்கட்டும்; குற்றம் சொல்லவில்லை. ஆனால் அதிகாலை எழுந்தவர்களின் கதையைப் படித்து யாருக்கும் துணியின் ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்) கணக்கு வந்ததில்லை.

தொடங்கிய புத்தகத்தை முடித்தே ஆக வேண்டுமா?

ஐம்பது பக்கம் வரை பாருங்கள். பிடிக்காவிட்டால் மூடிவிடுங்கள். பிடிக்காத புத்தகம் பைக்குள் கிடந்தால் அடுத்ததும் தொடங்காது, இதுவும் முடியாது.

கம்பெனிகள் வெளியிடும் வருடாந்திர அறிக்கையையும் படிக்கச் சொல்வீர்களே. முந்நூறு பக்கத்தைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது.

முழுவதும் யாரும் படிப்பதில்லை. பங்குச் சந்தையில் பட்டியலிட்ட கம்பெனிகளின் அறிக்கை பம்பாய்ப் பங்குச் சந்தை, தேசியப் பங்குச் சந்தை இணையதளங்களில் இலவசமாகக் கிடைக்கும். மார்ச்சில் கணக்கு முடிக்கும் கம்பெனி செப்டம்பர் முடிவதற்குள் ஆண்டுப் பொதுக்கூட்டம் நடத்தியாக வேண்டும் என்பதால் ஜூலை முதல் செப்டம்பர் வரை இது சீசன்.

படிக்கும் வரிசை சொல்கிறேன். சேர்மன் உரையைத் தாண்டிவிடுங்கள். அதில் எல்லா வருஷமும் நல்ல வருஷம்தான். நிர்வாகம் தொழில் நிலவரத்தை அலசும் பகுதிக்குப் போங்கள். பத்துப் பன்னிரண்டு பக்கம் இருக்கும். பஞ்சு விலை, ஆர்டர் நிலவரம், எந்த நாட்டில் விற்பனை குறைந்தது எல்லாம் அதில் வரும். அடுத்து நிதிநிலைக் குறிப்புகளில் வரவேண்டிய பாக்கி, கொடுக்கவேண்டிய பாக்கி என்ற இரண்டு அட்டவணைகள். 2021 ஏப்ரலிலிருந்து பாக்கி எத்தனை மாதப் பழசு என்று வயது பிரித்துக் காட்டியாக வேண்டும். அதிலும் சிறு, குறு நிறுவனங்களுக்குத் தர வேண்டியதைத் தனி வரியில் காட்ட வேண்டும். ஒரு கம்பெனி சின்ன சப்ளையரை எப்படி நடத்துகிறது என்று தெரிய அந்த ஒரு வரி போதும்.

இன்னொரு சுரங்கமும் இருக்கிறது. ஒரு கம்பெனி முதன்முதலாகப் பங்கு வெளியிடும்போது, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியிடம் கொடுக்கும் வரைவு விவரக் குறிப்பு. நம்ம பக்கத்து அவிநாசியின் எஸ்.பி. அப்பேரல்ஸ் 2016-இல் பங்குச் சந்தைக்கு வந்தது. அப்படி வருகிற எல்லாக் கம்பெனியும் இதைக் கொடுத்தாக வேண்டும். 'ரிஸ்க்' என்ற தலைப்பில் தன் தொழிலில் எதெல்லாம் கவிழ்க்கும் என்று கம்பெனியே வரிசையாக எழுதியிருக்கும். இரண்டு மூன்று வாடிக்கையாளரை மட்டுமே நம்பியிருப்பது, ஆள் பற்றாக்குறை, டாலர் மாற்று விலை என்று நேர்முகத் தேர்வில் யாரும் வாய் திறந்து சொல்லாததெல்லாம் அங்கே இருக்கும்.

நான் ஜாப் ஒர்க் யூனிட் வைத்திருக்கிறேன். பதினாறு மெஷின். இதெல்லாம் எனக்கு எதற்கு அக்கா?

உங்களுக்குத்தான் தம்பி முதலில் தேவை. தைத்துக் கொடுத்துவிட்டுப் பணத்துக்கு அலைவது நீங்கள்தான்.

2006-ஆம் வருஷத்து எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள்) சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் சிறு, குறு யூனிட்டுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப்போல மூன்று மடங்கு வட்டி, மாதா மாதம் கூட்டு வட்டியாக. இது சட்டத்தில் இருந்தும் கேட்கப் பயந்துகொண்டு இருந்தோம். 2023-இல் வருமான வரிச் சட்டத்தில் ஒரு திருத்தம் வந்தது. ஆடிட்டர்கள் 'நாற்பத்து மூன்று பி எச்' என்பார்கள். கெடுவுக்குள் தராத பாக்கியை, பணம் கைமாறும் வருஷம்வரை வாங்கியவர் செலவாகக் காட்ட முடியாது. 2024 மார்ச் நெருங்கியபோது பெரிய கம்பெனிகளே கூப்பிட்டு "உத்யம் நம்பர் இருக்கா?" என்று கேட்டார்கள். சிறு தொழிலுக்கான அந்த அரசுப் பதிவைச் செய்யாமல் இருந்தவர்கள் அன்றுதான் ஓடினார்கள். திருத்தம் ஒரு பக்கம்கூட இல்லை. டீ ஆறுவதற்குள் படித்துவிடலாம்.

உங்களுக்கு என் பரிந்துரை: வாரத்துக்கு ஒரு நாள், சம்பளம் போடாத நாளாகப் பார்த்து, அரை மணி நேரம். ஆடிட்டர் அனுப்பும் சுற்றறிக்கையை 'ஓகே சார்' என்று கட்டைவிரல் போட்டுத் தள்ளாமல் திறந்து படியுங்கள்.

ஆங்கிலம் தடுமாறுகிறது. தமிழில் மட்டும் படித்தால் போதாதா?

தொழிலைப் புரிந்துகொள்ளத் தமிழ் போதும். நாளிதழ்களின் வணிகப் பக்கங்களும் வணிக இதழ்களும் நன்றாகவே எழுதுகின்றன. ஆனால் பையரின் மேனுவல் தமிழில் வராது, மத்திய அரசு அறிவிப்புகளின் மூலமும் பெரும்பாலும் வராது. அதனால் இரண்டும் வேண்டும்.

பயப்படாதீர்கள். தொழில் ஆங்கிலம் சின்னது. சில நூறு சொற்கள்தான் திரும்பத் திரும்ப வரும். ஒரு சின்ன சூட்சுமம்: விதிமுறைகளில் 'ஷல்' என்று இருந்தால் கட்டாயம், 'மே' என்று இருந்தால் விருப்பம். பென்சிலால் ஷல்களை மட்டும் வட்டமிட்டுக்கொண்டு போங்கள். இருபது பக்கத்தில் நமக்கு வேலை வைக்கும் இடம் இரண்டு பக்கமாகச் சுருங்கிவிடும். என் டீமில் தமிழ் மீடியத்தில் படித்த ஒரு பையன் இப்படி ஆரம்பித்தவன்தான். இப்போது புதுப் பையரின் மேனுவல் எதுவும் முதலில் அவன் கைக்குத்தான் போகிறது.

யூடியூபில் பத்து நிமிடத்தில் புத்தகச் சுருக்கம் வருகிறது. ஏஐ-யிடம் கேட்டால் அரை நிமிடம். பிறகு எதற்குப் படிப்பது?

எதைப் படிக்கலாம் என்று தேர்ந்தெடுக்க அவை உதவும். நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் அந்த 64 பக்கத்தைச் சுருக்கச் சொன்னால் 41-ஆம் பக்கத்துக் கட்டம் வருமா? வரலாம், வராமலும் போகலாம். வராமல் போனால் பெட்டியைப் பிரிக்கப் போவது சுருக்கித் தந்தவர் இல்லை.

படித்தது மறந்துபோகிறதே?

எல்லோருக்கும் மறக்கும். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, படித்த அன்றே மூன்று வரி எழுதுங்கள்: என்ன படித்தேன், அது நம் கம்பெனியில் எங்கே இடிக்கிறது, யாரிடம் என்ன கேட்க வேண்டும். மூன்றாவது வரி முக்கியம். கேட்டுவிட்டால் மறக்காது. பதில் சொல்பவர் திட்டினால் சாகும்வரை மறக்காது.

எனக்கு இரண்டு குழந்தைகள். வீட்டுக்குப் போனால் அடுத்த ஷிப்ட். எனக்கு என்ன வழி?

உங்களிடம் "மனம் இருந்தால்" என்று பழமொழி சொல்ல மாட்டேன். என் பெண் கைக்குழந்தையாக இருந்த இரண்டு வருஷம் நான் ஒன்றுமே படிக்கவில்லை; குடி முழுகிப் போகவில்லை. அந்தக் காலத்தில் வீட்டில் படிக்கும் ஆசையை விட்டுவிட்டு, கம்பெனி பஸ்ஸில் போகும் நேரத்தையோ மதியச் சாப்பாட்டுக்குப் பிறகான பத்து நிமிடத்தையோ மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். பஸ்ஸில் எழுத்து ஆடித் தலை சுற்றினால் போனில் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும், அவர்கள் வீட்டுப்பாடம் எழுதும் அதே மேஜையில் நீங்களும் உங்கள் தாளை விரிக்கலாம். ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் அதில் நாற்பது நிமிடம் பென்சில் சீவிக் கொடுப்பதில் போகும். மிச்ச இருபது உங்களுடையது.

புத்தகம் வாங்கக் கட்டுப்படியாகவில்லை.

சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்தே கட்டுகிறோம். 1948-ஆம் வருஷத்து நூலகச் சட்டத்திலிருந்து இந்த ஏற்பாடு இருக்கிறது. காசைக் கொடுத்துவிட்டு உள்ளே போகாமல் இருக்கிறோம், அவ்வளவுதான்.

நேரம் இல்லாதவருக்காக விதியே எழுதி வைத்தவர் நம் சீர்காழிக்காரர். எஸ்.ஆர். ரங்கநாதன், 1892-இல் பிறந்தவர். கணக்கு வாத்தியாராக இருந்து 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். 1931-இல் அவர் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில் நான்காவது, 'வாசகரின் நேரத்தைச் சேமி' என்பது. அந்த உரிமையில் நூலகரிடமே போய்க் கேளுங்கள். அலமாரி அலமாரியாக அலைய வேண்டாம். புத்தகங்களைப் பொருள்வாரியாக எண் போட்டு அடுக்கும் டியூயி முறையில் அடுக்கியிருந்தால் 657 கணக்கியல், 658 நிர்வாகம், 677 ஜவுளி. அந்த மூன்று அலமாரியைப் பார்த்துவிட்டு வந்தால் போதும்.

வாரன் பஃபெட் தினமும் ஐந்து மணி நேரம் படிப்பாராமே?

அவருக்குப் படிப்பதுதான் வேலை. நமக்கு வாசலில் லாரி வந்து ஹார்ன் அடிக்கிறது. அவர் பங்குதாரர்களுக்கு எழுதிய கடிதங்கள் 1977-லிருந்து அவரது கம்பெனியான பெர்க்‌ஷயர் ஹாத்வேயின் இணையதளத்தில் இலவசமாக இருக்கின்றன. அவர் எத்தனை மணி நேரம் படித்தார் என்று எண்ணுவதைவிட அதில் ஒரு கடிதத்தைப் படிப்பது லாபம்.

படித்தால் சம்பளம் கூடுமா?

படித்ததற்காக யாரும் கூட்டித் தரமாட்டார்கள். படித்ததை வைத்து ஒரு நஷ்டத்தைத் தடுத்தால், அதை வாய் திறந்து சொன்னால், கூடலாம். நம் பிள்ளைகள் பலர் முதல் பாதியைச் செய்துவிட்டு இரண்டாவதில் கூச்சப்படுகிறார்கள்.

சீட்டில் உட்கார்ந்து படித்தால் முதலாளி 'வேலை இல்லையா?' என்று கேட்கிறார்.

கேட்கத்தான் செய்வார். போனில் ரீல்ஸ் பார்ப்பவரை விட்டுவிட்டுப் புத்தகம் வைத்திருப்பவரைக் கேட்பது ஏனோ நம் ஊர் வழக்கம். பிரிண்ட் எடுத்து ஃபைலில் போட்டுப் படியுங்கள். நான் ஆறு வருஷம் அப்படித்தான் படித்தேன். இன்னொன்று, மாதம் ஒருமுறை அரைப் பக்கத்துக்கு "இதனால் நமக்கு இப்படி ஆகலாம் சார்" என்று எழுதி மேஜையில் வையுங்கள். இரண்டு மாதம் கழித்து அவரே "இந்த மாசம் ஒண்ணும் வரலையே?" என்பார்.

நீங்கள் இப்போது என்ன படிக்கிறீர்கள்?

ஐரோப்பிய ஒன்றியத்தின் எக்கோடிசைன் ஒழுங்குமுறை, அதாவது பொருள்களைச் சுற்றுச்சூழலுக்கு ஏற்றபடி வடிவமைக்கச் சொல்லும் சட்டம். 2024 ஜூலை 18-இல் அமலுக்கு வந்தது. விற்காமல் தேங்கிய உடைகளைப் பெரிய நிறுவனங்கள் அழிப்பதற்கு 2026 ஜூலை 19 முதல் தடை என்று தேதி போட்டிருக்கிறது. அப்படியானால் பையர் ஒரேயடியாக மொத்த ஆர்டர் கொடுக்கத் தயங்குவார், சின்னச் சின்னதாக ரிப்பீட் கேட்பார் என்பது என் கணக்கு. அடுத்தது டிஜிட்டல் பாஸ்போர்ட். பீஸுக்குள் என்ன நூல், அதில் எவ்வளவு மறுசுழற்சி, என்ன ரசாயனம் என்றெல்லாம் விவரம் கேட்பார்கள். அந்த விவரத்துக்கு நம் சாயப்பட்டறையில்தான் போய் நிற்க வேண்டும். முன்னுரைப் பத்திகளைத் தாண்டி, ஷல்களை வட்டமிட்டுக்கொண்டு ஆறு பக்கம் வந்திருக்கிறேன். நாளைக்கு ஒரு ஷிப்மெண்ட் இருக்கிறது. ஏழாவது பக்கம் வியாழக்கிழமைதான்.